ஜான்சிராணிப் படையின் சீருடை

1943 டிசம்பர் 30ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் போர்ட் பிளேயரில் மூவண்ணக் கொடியை ஏற்றினார். அந்நாளை நம் தீவுகள் இன்றும் நினைவுகூர்கின்றன. மாறுவேட நிகழ்ச்சி என்றால் பலரும் நேதாஜி வேடத்திற்கே முந்துவர். அவருடைய இந்திய தேசிய இராணுவத்தில் பெண்களுக்கெனத் தனிப்படை இருந்ததையும், அதில் தமிழ்ப் பெண்கள் பலர் இருந்ததையும் சிலரே அறிவர். அப்படையின் சீருடையை வீட்டிலேயே தைக்கலாம்.

அப்படைக்கு ஜான்சிராணிப் படை என்பது பெயர். சென்னையில் மருத்துவம் பயின்று சிங்கப்பூரில் பணியாற்றிய இலட்சுமி சுவாமிநாதன் அதன் தலைவர். 1943 சூலை 12ஆம் நாள் அவர் இருபது பெண்களைத் திரட்டி, துப்பாக்கி ஏந்தச் செய்து, நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை அளித்தார். அன்று அவர்கள் உடுத்தியிருந்தது சேலை. அக்டோபரில் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் தொடங்கியபின் அவர்களுக்குக் காக்கிச் சீருடை வந்தது. மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவிய குடும்பங்களின் மகளிர் பலர் அதில் சேர்ந்தனர். பெற்றோர் பிழைப்புத் தேடிக் கடல் கடந்ததால் அயல்மண்ணில் வளர்ந்தவர்கள் அவர்கள், உங்களைப் போலத்தான். பாவாடையும் சேலையுமே பழகியவர்களுக்குக் காற்சட்டை அணிவதே பெரிய மாற்றம். கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொண்டவர்களும் உண்டு.

சீருடையில் மூன்று உறுப்புகள் உள்ளன: மார்பில் பைகள் வைத்த சட்டை, தொடையில் அகன்று முழங்காலுக்குக் கீழே ஒட்டிநிற்கும் காற்சட்டை, படகு கவிழ்ந்தாற்போன்ற தொப்பி. வாடகைக்குக் கிடைக்கும் பளபளப்பான துணி இதற்குப் பொருந்தாது. மங்கிய பருத்திக் காக்கியே ஏற்றது. புதுத்துணியானால் ஓர் இரவு நீரில் ஊறவைத்து உலர்த்திய பின்னரே வெட்டுங்கள். இல்லையேல் முதல் சலவையிலேயே சுருங்கிவிடும். அப்பாவின் பழைய காக்கி உடை கிடைத்தால் இன்னும் நன்று. அது பலமுறை வெளுத்து நிறம் மங்கியிருக்கும்.

சட்டை எளிது. உங்களுக்குச் சரியாக இருக்கும் சட்டை ஒன்றைச் செய்தித்தாள்மீது விரித்து வரைந்து, சுற்றிலும் ஓர் அங்குலம் தையலுக்கு விட்டு வெட்டினால் மாதிரி கிடைத்துவிடும். காற்சட்டையில்தான் கவனம் வேண்டும். அகலமான காற்சட்டையை உட்புறம் திருப்பி அணிந்து, முழங்காலிலிருந்து கணுக்கால்வரை அம்மாவையோ அத்தையையோ குண்டூசி குத்தச் சொல்லுங்கள். தாமே குத்திக்கொள்ள முயன்றால் கால் கோணும், தையலும் கோணும்! ஊசி குத்திய கோட்டில் முதலில் கையால் ஓட்டுத்தையல் போட்டு, உட்கார்ந்தும் நடந்தும் பாருங்கள். குதிகால் நுழையாவிடில் கணுக்கால் ஓரத்தில் நான்கு அங்குலம் தைக்காமல் விட்டுக் கொக்கி வையுங்கள். எல்லாம் சரியானபின் இயந்திரத் தையல் போடலாம்.

தையல் இயந்திரம் வீட்டில் இல்லையெனில் அடுத்த வீட்டில் கேளுங்கள். அது வங்காளியர் வீடாயினும் தெலுங்கர் வீடாயினும் 'காக்கி' என்றால் போதும். புழுதியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து பிறந்த அச்சொல் இந்திய மொழிகள் பலவற்றிலும் வழங்குகிறது. பொத்தான் தைக்கும் வேலையைத் தம்பியிடம் விடலாம்.

தொப்பிக்குப் பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு துண்டுகளும் உச்சிக்கு ஒரு நீள்துண்டும் தேவை. தலையின் சுற்றளவோடு அரை அங்குலம் கூட்டி அளவெடுங்கள். நகைகளும் மினுங்கும் பதக்கங்களும் வேண்டா. இது போர்க்களத்திற்கு அருகே அணிந்த உடை. படை பர்மாவுக்குச் சென்றது. 1945இல் இரங்கூனைவிட்டுப் பின்வாங்கியபோது இப்பெண்கள் நேதாஜியுடன் நெடுந்தொலைவு நடந்தே பாங்காக்கை நோக்கிச் சென்றனர்.

தைக்கும் மாலைகளில் வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்று கேளுங்கள்: நம் உறவினருள் மலேயாவுக்கோ பர்மாவுக்கோ இலங்கைக்கோ சென்றவர் உண்டா? இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் நம் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. கேட்டறிந்த பெயர்களையும் ஊர்களையும் பயிற்சி ஏட்டில் எழுதி வாருங்கள். பெயர் தெரிந்தால், தொப்பியின் உட்புறத்தில் நூலால் அதனைத் தைத்தும் வைக்கலாம்.