வார்ப்பிரும்புத் தூண்களுக்குக் கார்பன் இழை வலு

வார்ப்பிரும்புத் தூண்கள் 19ஆம் நூற்றாண்டுப் பொதுக் கட்டடங்கள் பலவற்றைத் தாங்கி நிற்கின்றன. மும்பை வாட்சன் ஹோட்டலின் இரும்புச் சட்டகம் 1860களில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. மைசூரு அரண்மனைக் கல்யாண மண்டபத்தின் தூண்களை வார்த்தது கிளாஸ்கோவின் வால்டர் மெக்ஃபார்லேன் பட்டறை. இத்தகைய தூண்களை வலுப்படுத்த இன்று கார்பன் இழை பயன்படுகிறது.

வார்ப்பிரும்பில் 2 முதல் 4 சதவீதம் வரை கரிமம் உண்டு. அது செதில் செதிலாகப் படிந்திருப்பதால், அமுக்கத்தை நன்றாகத் தாங்கும் இரும்பு இழுத்தால் எளிதில் விரிசல் விடும். உருக்கைப் போல வளைந்து முன்கூட்டியே அறிகுறி காட்டாமல், திடீரென முறியும். பற்றவைத்துச் சரிசெய்வதும் கடினம். அந்தச் சூடே புதிய விரிசலை உண்டாக்கலாம்.

இத்தூண்களில் பல உள்ளீடற்றவை. அவற்றைக் கிடையாக வார்த்தபோது நடுவிலிருந்த மணல் கரு சற்று மிதந்து விலகினாலும், ஒருபக்கச் சுவர் தடித்து மறுபக்கம் மெலிந்துவிடும். அப்போது மேலிருந்து இறங்கும் சுமை மையத்தை விட்டு விலகித் தூணை வளைக்கிறது. வளைவின் வெளிப்புறத்தில் இழுவிசை பிறக்கிறது. எனவே மீயொலிக் கருவியால் சுவரின் தடிமனைச் சுற்றிலும் அளப்பதே முதல் வேலை.

கான்கிரீட் தூணைக் குறுக்காகச் சுற்றிக் கட்டினால் அதன் பலம் கூடும். நொறுங்கும் முன் பக்கவாட்டில் உப்பும் கான்கிரீட்டை அந்தக் கட்டு இறுக்கிப் பிடிக்கும். வார்ப்பிரும்பு அவ்வளவு உப்புவதில்லை. அதனால் இங்கே முக்கிய இழைகள் தூணின் நீளவாக்கில் ஒட்டப்படுகின்றன. வளைவை எதிர்ப்பவை அவையே. வார்ப்பிரும்பின் விறைப்பு ஏறக்குறைய 100 கிகாபாஸ்கல். சாதாரணக் கார்பன் இழைக்கு அது 230. உயர் விறைப்பு இழைகளில் 400ஐயும் தாண்டும். எடையோ இரும்பில் நாலில் ஒரு பங்குதான்.

தூண் ஏற்கெனவே சுமக்கும் பாரம், இழையை ஒட்டிய பிறகும் இரும்பிடமே இருக்கும். பின்னர் கூடும் சுமையில் மட்டுமே இழை பங்கு கொள்ளும். பழைய பாரத்தையும் பகிர வேண்டுமானால், முட்டுக் கொடுத்துக் கூரையைத் தாங்கிச் சுமையைக் குறைத்துக்கொண்டு ஒட்ட வேண்டும்.

கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். ஈரமும் உப்பும் உள்ள இடத்தில் அது இரும்பை நேரடியாகத் தொட்டால் மின்கலம் போன்ற ஓட்டம் உருவாகி இரும்பு அரிக்கப்படும். இரண்டு பருவமழையும் கடற்காற்றும் உள்ள திருவனந்தபுரம் போன்ற ஊரில் இது பெரிய ஆபத்து. கார்பனுக்கும் இரும்புக்கும் நடுவே கண்ணாடி இழை அடுக்கு ஒன்றை வைத்து இதைத் தடுக்கலாம். துருவையும் பழைய வண்ணத்தையும் நீக்கி, மேற்பரப்பு மீண்டும் துருப்பிடிக்கும் முன் பசை பூசவும் வேண்டும்.

அறை வெப்பத்தில் இறுகும் எப்பாக்சி பசை பெரும்பாலும் 60 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கும். வெயில் படும் தூண்களுக்கு அதற்கேற்ற பசை தேவை. தீ விபத்தில் பசை முதலில் கைவிடும் என்பதால், இழை இல்லாமலேயே அன்றாடப் பாரத்தைத் தூண் தாங்குமா என்று கணக்கிடுவது அவசியம்.

இம்முறை வெளிநாட்டுப் பாலங்களில் சோதனையைத் தாண்டிவிட்டது. இங்கிலாந்தின் நியூபோர்ட் பாக்னலில் 1810இல் கட்டப்பட்ட டிக்ஃபோர்ட் வார்ப்பிரும்புப் பாலம் 1999இல் கார்பன் இழையால் வலுப்படுத்தப்பட்டது. அதில் இன்றும் வாகனங்கள் ஓடுகின்றன. மரபு முறைகள் போதாத இடத்தில், பயன் நிரூபிக்கப்பட்ட நவீன முறைகளை நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனமும் அனுமதிக்கிறது.

ஆனாலும் வரிப்பள்ளங்களும் பூவேலையும் கொண்ட தூணை முழுவதும் மூடினால் அதன் அழகு மறைந்துவிடும். மெல்லிய பட்டைகளைப் பள்ளங்களுக்குள் ஒட்டலாம். வேலைப்பாடு மிகுந்த தலைப்பகுதியைத் தொடாமல் விடலாம். அதற்கு வழியில்லாத தூணுக்குச் சுமையைக் குறைப்பதோ அருகில் தனித் தாங்கி நிறுத்துவதோ மேலானது.