தீவுக்குப் பாலமும் காயலின் விலையும்

எறணாகுளத்துக்கு எதிரேயுள்ள வைப்பின் தீவினர் நெடுங்காலம் படகையே நம்பியிருந்தனர். நள்ளிரவில் நோயாளிக்கும் அதுவே வழி. 2004இல் மூன்று கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்பட்டன, அக்குறை தீர்ந்தது. நிற்க. அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? காயலின் ஒரு பகுதியைத் தூர்த்து, அந்நிலத்தை விற்றுத் திரட்டினர். 2002இல் இராம்சார் பட்டியலில் சேர்ந்த வேம்பநாட்டு ஈரநிலத்தின் பகுதியே அக்காயல்.

காயல் வீண் நீரன்று. மழைவெள்ளத்தை ஏற்கிறது, மீன்குஞ்சுகளை வளர்க்கிறது. தூண்கள்மேல் செல்லும் பாதையின் கீழ் ஓதம் ஏறி இறங்கும். மண்கொட்டி எழுப்பிய பாதையோ அதனை மறிக்கும். ஆதலின் எவ்வகைப் பாதை, எவர் பணத்தில் என்றே நாம் கேட்கவேண்டும். படகுக்குக் காத்து நின்றவரிடம் பாலம் வேண்டாமெனச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆயினும், அவருக்குச் செய்யவேண்டிய கடமைக்கு அவரது காயலையே விலையாகப் பெறுவது முறையாகுமா?