விடுதியும் ஒழுக்கமும்: புரொட்டஸ்டண்டுப் பெண்கள் சங்கங்களின் காப்பு மரபும் திண்டுக்கல் சமவெளியும்

வேலை தேடி நகரம் புகுந்த இளம்பெண், பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நடுத்தர வர்க்கத்திற்குக் கவலைக்குரிய பொருளானாள். 1855இல் இலண்டனில் மேரி ஜேன் கின்னேர்டு செவிலியர்க்கென விடுதி ஒன்றைத் தொடங்கினார். எம்மா ராபர்ட்ஸ் செபக்குழு ஒன்றைத் தொடங்கினார். இவ்விரண்டும் 1877இல் இணைந்து இளம்பெண்கள் கிறித்தவச் சங்கமாயின. ஆங்கிலிக்கத் திருச்சபைச் சார்பில் 1875இல் தோன்றிய பெண்கள் நட்புச் சங்கத்தில் சீமாட்டிகள் புரவலர்; வீட்டுப் பணிப்பெண்கள் முதலானோர் உறுப்பினர். கற்பொழுக்கம் உடையவளே உறுப்பினராகலாம். அதை இழந்தவள் உறுப்பினர் அட்டையையும் இழப்பாள் என்றது அதன் விதி. உதவி மிகுதியும் தேவைப்பட்டவளையே இவ்விதி வெளியே நிறுத்தியது என்பது வெளிப்படை.

1894இல் அமெரிக்கச் சங்கம் கடல்கடந்து அனுப்பிய முதற்செயலர் ஆக்னஸ் ஹில் பணியாற்ற வந்த நகரம் சென்னை. அங்கும் தொடக்கத்தில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பெண்களே பெரிதும் பயன்பெற்றனர். திண்டுக்கல்லின் நிலை வேறு. 1835 முதல் இங்கு இயங்கிய அமெரிக்க மதுரை மிஷனின் பெண்கள் பணி விடுதியை மையமாகக் கொண்டதன்று. ஈவா சுவிப்ட் 1892இல் மதுரையில் நிறுவிய பள்ளியில் வேதாகமப் பெண்கள் பயிற்சி பெற்றனர். மிஷன் பரப்பில் இத்தகைய பெண்கள் வீடுவீடாகச் சென்று எழுத்தறிவித்தனர். வீட்டைவிட்டுத் தனியே வெளியேறிய பெண் அன்று இச்சமவெளியில் அரிது.

இன்று அவள் அரியவள் அல்லள். வேடசந்தூர் வட்டார நூற்பாலைகளில் விடுதியில் தங்கிப் பணிபுரியும் இளம்பெண்கள் பலர். மூன்றாண்டு ஒப்பந்த முடிவில் திருமணச் செலவுக்கெனத் தொகை தருவதாகக் கூறிய 'சுமங்கலித் திட்டம்', பெற்றோரிடம் பாதுகாப்பையே முன்னிறுத்தியது. வெளியே செல்லத் தடை, கைப்பேசிக் கட்டுப்பாடு ஆகியனவும் அதே பெயரால் நியாயப்படுத்தப்பட்டன. ஆலை விடுதி மிஷன் மரபின் நேர்வழித்தோன்றல் என்பதற்குச் சான்றில்லை. பெண்ணின் நடத்தையைப் பிறர் பொறுப்பாக்கும் தருக்கம் மட்டும் ஒன்றே.

அம்மரபிற்குள்ளேயே மாற்றம் நிகழ்ந்தமை பெரிதும் கவனிக்கப்படுவதில்லை. தொழிலாளர் உறுப்பினரின் வற்புறுத்தலால் 1920இல் அமெரிக்கச் சங்கம் கூட்டுப் பேர உரிமையை ஏற்றது. நன்கொடையாளர் சிலரை இழக்கவும் நேர்ந்தது. திண்டுக்கல் வட்டாரத்தில் இவ்வழி நெடுங்காலம் கழித்தே திறந்தது. 2021 சனவரியில் ஆடைத் தொழிலாளியான இளம்பெண் ஒருவர் கொலையுண்டார். அதனையடுத்து, பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் 2022 ஏப்ரலில் கையெழுத்திட்ட திண்டுக்கல் ஒப்பந்தம், பாலியல் துன்புறுத்தலைக் கண்காணிக்கும் பொறுப்பைப் பயிற்சி பெற்ற பெண் தொழிலாளரிடமே ஒப்படைத்தது.