மார்கழிக் குளிரும் வெந்நீர் அடுப்பும்

மேலைநாட்டார் குளிர்காலத்தில் வீட்டையே சூடாக்குவர்; திருப்பூரில் நமக்கு அச்செலவு குளிக்கும் வெந்நீரோடு முடிகிறது. அதையும் மிச்சம் பிடிக்கச் சில இல்லங்களில் பனியன் கம்பெனிகளின் வெட்டுத் துணியை எரிக்கின்றனர். நோயாளிக்கு நற்கருணை கொண்டு சென்ற ஓர் இல்லத்தில், மூச்சிரைக்கும் மூதாட்டியின் கட்டிலருகே அவ்வடுப்பு புகைந்துகொண்டிருந்தது. பருத்தியோடு பாலியஸ்டர், எலாஸ்டிக், சாயம் யாவும் சேர்ந்து எரிந்தால் எழுவது நச்சுப்புகையன்றோ!

தாய்மார்களே, மின்சாரக் கணக்கைச் சற்றே பாருங்கள். ஒருவர் குளிக்கும் 20 லிட்டர் நீரை 22 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்க அரை யூனிட்டுக்கும் குறைவே தேவை. கொதிக்கவிட்டு ஆறப்போடுவதுதான் வீண். வேலை முடிந்து மாலையில் குளிப்போர், மூடிய கறுப்புத் தொட்டியில் நீரை நிரப்பிப் பகலெல்லாம் மொட்டைமாடி வெயிலில் வைத்தால் அதிலும் பெரும்பகுதி மிச்சம். ஹீட்டர் கம்பியைப் பயன்படுத்துவோர் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிய பின்னரே வாளியில் கை வைக்கவும்.