விரல் பார்க்கும் படம்

வண்ணம் போனால் போகட்டும், கோடு பிசகக் கூடாது!

வேலப்பன்சாவடியில் பஸ் ஏறி மேற்கே போனால் கொஞ்ச நேரத்தில் பூந்தமல்லி வந்துவிடும். ஏட்டில் பூவிருந்தவல்லி, கண்டக்டர் வாயில் பூந்தமல்லி. அங்கே பார்வையற்ற பிள்ளைகளுக்கென்று அரசு மேல்நிலைப்பள்ளி இருக்கிறது. டேராடூனில் தலைமையிடம் கொண்ட, பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அந்த ஊரில்தான் இருக்கிறது.

அந்த பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் ஒரு சிறுவன் உட்கார்ந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கையில் வெள்ளைக் கோல். மடியில் பிரெய்ல் புத்தகம். விரல் ஓட ஓட இதயத்தைப் பற்றிய பாடத்தைப் படிக்கிறான். "படத்தைப் பார்க்க" என்று ஒரு வரி வருகிறது.

அவன் எதைப் பார்ப்பான்?

எழுத்து வந்தது, படம்?

எழுத்துக்கு வழி பிறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பிரான்சு நாட்டில் 1809-ல் பிறந்த லூயி பிரெய்ல், 3 வயதில் தந்தையின் பட்டறையில் குத்தூசி குத்திப் பார்வையை இழந்தவர். 1824-ல், 15 வயதுப் பையனாக இருந்தபோதே, ஆறு புள்ளிகளைக் கொண்டு எழுத்து முறையை அமைத்தார். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் 1951-ல் வந்தது. தமிழும் அதில் அடக்கம்.

படத்துக்கும் இன்று வழி உண்டு. அதற்கென்று ஒரு காகிதம் இருக்கிறது. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குமிழ்கள் பூசப்பட்டிருக்கும். கறுப்பு மையில் படத்தை அச்சிட்டு, சூடு தரும் இயந்திரத்துக்குள் விடுவார்கள். வெயிலில் கறுப்புச் சட்டை சுடுகிறதல்லவா? அதே கதைதான்! கறுப்புக் கோடு வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அங்குள்ள குமிழ்கள் பூரி போல உப்பும். வெள்ளை இடம் அப்படியே கிடக்கும். கோடு விரலில் தட்டும்.

வண்ணம் செய்யும் வம்பு

அப்படியானால் பாடநூலின் வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி அச்சிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல்.

கம்ப்யூட்டர் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் கொடுக்கும். 0 என்றால் முழுக் கறுப்பு. 255 என்றால் முழு வெள்ளை. நடுவில் 128-ஐ எல்லையாக வைத்தால், அதற்குக் கீழே உள்ளதெல்லாம் கறுப்பு, மேலே உள்ளதெல்லாம் வெள்ளை. பளீர் மஞ்சள் வெள்ளையாகி மறைந்துவிடும். சிவப்பும் நீலமும் ஒரே கறுப்பாகிவிடும்.

இதயப் படத்தில் சிவப்பும் நீலமும் அழகுக்காகவா தீட்டினார்கள்? சிவப்பு, ஆக்சிஜன் நிறைந்த ரத்தம். நீலம், ஆக்சிஜன் குறைந்த ரத்தம். இரண்டும் ஒன்றாகிவிட்டால் பாடமே போய்விட்டது! விரலுக்குக் கிடைப்பது உப்பிய கட்டி ஒன்றுதான்.

ஆகவே மனிதர் ஒருவர் உட்கார்ந்து திரும்ப வரைய வேண்டும். சிவப்புக்குப் பதில் புள்ளிகள். நீலத்துக்குப் பதில் சாய்கோடுகள். வெளிவிளிம்புக்குத் தடித்த கோடு. நிழல், பின்னணி, அலங்காரம் எல்லாம் போக வேண்டும். பூவின் பக்கத்தில் பறக்கும் பட்டாம்பூச்சி கண்ணுக்கு விருந்து. விரலுக்கு அது வழியில் கிடக்கும் கல்.

இடைவெளியும் முக்கியம். ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு கோடுகளைக் கண் பிரித்துவிடும். விரலுக்கு மூன்று மில்லிமீட்டராவது வேண்டும். பிரெய்ல் எழுத்தையோ சுருக்கவே முடியாது. தமிழ்நாட்டு வரைபடத்தில் 38 மாவட்டங்களையும் ஆறுகளையும் ஊர்ப் பெயர்களையும் ஒரே தாளில் திணித்தால் எதுவும் புரியாது. எல்லைக்கு ஒரு தாள், ஆறுகளுக்கு ஒரு தாள், மாவட்டங்களுக்கு ஒரு தாள் என்று பிரித்தே போட வேண்டும்.

வரைந்ததைச் சோதிப்பவர் பார்வையற்றவராக இருப்பதே நல்லது. கண்ணுள்ளவர் கண்ணை மூடிக்கொண்டு தடவுவது செல்லாது. அவர் மனம்தான் படத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டதே!

கேள்வி மாறினால் போதுமா?

சி.பி.எஸ்.இ. தேர்வில் படம் பார்த்துச் சொல்லும் கேள்விக்குப் பதிலாக, பார்வையற்ற மாணவருக்கு வேறு கேள்வி தருகிறார்கள். நியாயம்தான். ஆனால் கேள்வி மாறியதால் இதயம் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடுமா? மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ம் ஆண்டுச் சட்டம், 18 வயது வரை புத்தகமும் கற்கும் சாதனங்களும் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. படமும் புத்தகத்தில் ஒரு பங்குதானே! டெல்லி ஐ.ஐ.டி.யில் இதற்கென்றே ஒரு மையம் அமைத்து, பாடநூல் படங்களைத் தொட்டறியும் படங்களாக மாற்றியிருக்கிறார்கள்.

இயந்திரம் இல்லாத வீட்டிலும் செய்யலாம். படத்தின் மீது மெல்லிய தாளை வைத்து, முக்கியக் கோடுகளை மட்டும் பென்சிலால் எடுங்கள். அட்டையில் அதை ஒட்டி, கோட்டின் மேல் பசை தடவிச் சணல் நூலைப் பதியுங்கள். சிவப்பு இடத்தில் ரவையைத் தூவுங்கள். நீல இடத்தில் துணியை வெட்டி ஒட்டுங்கள். இரவு முழுக்கக் காயட்டும். காலையில் பிள்ளையின் கையில் கொடுங்கள். எது எந்த ரத்தம் என்று மட்டும் முதலில் சொல்லிவிடாதீர்கள்.