முதலில் கூரை ஏறுங்கள்

தட்பவெப்ப மாற்றம் என்றதும் சேவைச் சங்கங்களுக்கு மரக்கன்றுதான் ஞாபகம் வருகிறது. ஆனால் அவர்கள் கைவசமிருக்கும் உண்மையான பலம் வேறு.

ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களின் ஆண்டு ஜூலை 1இல் பிறந்து ஜூன் 30இல் முடிகிறது. உலகச் சுற்றுச்சூழல் தினம் ஜூன் 5. அதாவது, பதவிக்காலம் முடிய 25 நாட்கள் இருக்கும்போது தலைவருக்குக் கிடைக்கும் கடைசி நல்ல போட்டோ வாய்ப்பு. பள்ளி மைதானத்தில் குழி தயாராக இருக்கும். கலெக்டரோ எம்.எல்.ஏ.வோ வருவார். ஒரு கன்றைப் பத்துக் கைகள் பிடித்துக்கொள்ளும். கேரளத்தில் அன்று மழை தூறிக்கொண்டிருக்கலாம். ஆனால் டெல்லிக்குப் பருவமழை வந்துசேர வழக்கமாக ஜூன் கடைசி வாரமாகிவிடும். அதுவரை கொளுத்தும் வெயிலில் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றப்போவது யார் என்பது நிகழ்ச்சி நிரலில் இருக்காது. ஜூலை 1இல் புதுத் தலைவர் வருவார். அவருக்கு வேறு குழிகள்.

சுற்றுச்சூழல் என்ற சொல் இந்தச் சங்கங்களுக்குப் புதிதல்ல. 1990-91இல் ரோட்டரியின் உலகத் தலைவராக இருந்த பிரேசில்காரர் பாலோ கோஸ்டா, பூமியைக் காப்போம் என்ற இயக்கத்தையே தொடங்கினார். லயன்ஸ் சங்கங்கள் 2011-12இல் பத்து லட்சம் மரம் நட இலக்கு வைத்து, அதைப் பல மடங்கு தாண்டியதாக அறிவித்தன. ரோட்டரி தனது அறக்கட்டளை நிதியை 2021 ஜூலையிலிருந்து சுற்றுச்சூழல் பணிகளுக்கும் திறந்துவிட்டது. பணம் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், நல்ல மனமும் இருக்கிறது. எதைச் செய்வது என்பதில்தான் குழப்பம்.

இந்தக் குழப்பத்துக்கு விடை சங்கங்களின் சொந்தச் சரித்திரத்திலேயே இருக்கிறது. போலியோ ஒழிப்பை ரோட்டரி 1985இல் கையிலெடுத்தபோது அதை நம்பியவர்கள் குறைவு. இந்தியாவில் பல்ஸ் போலியோ முகாம்கள் 1995இல் தொடங்கின. 2009இல்கூட நாட்டில் 741 குழந்தைகளுக்குப் போலியோ தாக்கியது. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹௌராவில் ஒரு குழந்தைக்கு வந்ததே கடைசி. 2014 மார்ச்சில் இந்தியா உட்படத் தென்கிழக்காசியப் பிராந்தியமே போலியோ அற்றதாக அறிவிக்கப்பட்டது. மருந்தும் ஊழியர்களும் பெரும்பாலும் அரசாங்கத்தினுடையவை. சங்கங்கள் கொடுத்தது வேறொன்று: குறித்த ஞாயிற்றுக்கிழமை காலையில் குறித்த இடத்தில், வருடா வருடம், சலிக்காமல் ஆஜராவது. உத்தரப் பிரதேசத்தில் சொட்டு மருந்து மலட்டுத்தன்மை தரும் என்ற வதந்தி பரவியபோது ரோட்டரி செய்தது பிரச்சார நோட்டீஸ் அச்சடிப்பது மட்டுமல்ல. உலமாக்களைத் தேடிப்போய் அவர்களையே குழுவாக அமைத்துப் பேச வைத்தது. கதவைத் திறக்க வைத்தது நோட்டீஸ் அல்ல, தெரிந்த முகம்.

தெரிந்த முகமும் திரும்பத் திரும்ப வரும் ஞாயிற்றுக்கிழமையும் தேவைப்படுகிற இடம் தட்பவெப்ப மாற்றத்தில் எது? கோடை.

அகமதாபாத்தைப் பாருங்கள். 2010 மே மாதம் அங்கே வெயில் 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஒரு மாதத்தில் மட்டும் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பின்னர் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். வெயில் சாவுக்குச் சத்தம் கிடையாது. புயல்போல வீட்டைப் பெயர்ப்பதில்லை, வெள்ளம்போல டி.வி.யில் ஓடுவதில்லை. மாரடைப்பு என்றோ முதுமை என்றோ சான்றிதழில் எழுதி முடிந்துவிடும். 2013இல் அந்த மாநகராட்சி தெற்காசியாவிலேயே முதலாவதான வெப்பச் செயல்திட்டத்தைக் கொண்டுவந்தது. வானிலை முன்னறிவிப்பை வைத்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என எச்சரிக்கை, டாக்டர்களுக்குப் பயிற்சி, தெருவில் குடிநீர். ஆண்டுக்குச் சராசரியாக 1,190 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக 2018இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

2017இல் இதோடு இன்னொன்று சேர்ந்தது. குடிசைப் பகுதிகளில் 3,000 கூரைகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் இலக்குடன் ஒரு முயற்சி. இதில் விஞ்ஞானம் என்று பெரிதாக எதுவும் இல்லை. துருப்பிடித்த தகரமோ கறுத்த சிமென்ட் தளமோ வெயிலை உறிஞ்சி வீட்டுக்குள் இறக்குகிறது. வெள்ளைக் கூரை பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறைகிறது. குளுகுளு ஹாலில் கூட்டம் நடத்துகிறவர்களுக்கு இது அற்பமாகத் தெரியலாம். பகல் முழுவதும் தகரத்தின் கீழே பீடி சுற்றும், பட்டம் ஒட்டும், கைக்குழந்தையைத் தூங்கவைக்கும் பெண்ணுக்கு அது அற்பமல்ல. தெலுங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது.

சுண்ணாம்பின் குறை, அது நிலைக்காது என்பது. ஒரு மழைக்காலமும் கொஞ்சம் புழுதியும் போதும், வெண்மை மங்கிவிடும். அடுத்த கோடைக்கு முன் மறுபடி அடித்தாக வேண்டும். சேவைச் சங்கங்களுக்கு இந்தக் குறையே வசதி. தலைவரின் ஆயுள் ஓராண்டு, சுண்ணாம்பின் ஆயுளும் ஏறக்குறைய அவ்வளவே. ஒவ்வொரு தலைவரும் தம் பிப்ரவரி, மார்ச் ஞாயிறுகளை அதே தெருவுக்குக் கொடுத்தால் முந்தியவரின் வேலையைத் தொடர்கிறோமே என்ற கௌரவக் குறைச்சலும் இல்லை, புதுத் திட்டம் தேடும் அவஸ்தையும் இல்லை. போட்டோவும் உண்டு.

ஆனால் கூரை ஏறுவது விளையாட்டல்ல. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஆளின் கனம் தாங்காது. பலகை போட்டு, வேலை தெரிந்த பெயின்டரைக் கொண்டுதான் அடிக்க வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் ஆபத்து. இவற்றைவிடப் பெரிய தடை கீழே இருக்கிறது. பட்டா இல்லாத குடியிருப்பில் யாராவது நோட்டுப் புத்தகத்துடன் வந்து வீடுகளை எண்ணினால், இடிக்கத்தான் கணக்கெடுக்கிறார்கள் என்ற பயமே முதலில் வரும். அங்கே மறுபடியும் போலியோ பாடம். அந்தத் தெருவில் செல்வாக்குள்ள பெண்கள் சுய உதவிக் குழுவோ, மசூதியோ, கோயில் கமிட்டியோ முன்னால் நடக்க வேண்டும். சங்கத்தின் பேனர் பின்னால் வரலாம். வராமலே இருந்தாலும் நஷ்டமில்லை.

தண்ணீர்ப் பந்தலும் அப்படியே. வடக்கே பியாவு, குஜராத்தில் பரப், நம்மூரில் தண்ணீர்ப் பந்தல். பழைய தர்மம். ரிப்பன் வெட்டி இரண்டாம் வாரம் வெறும் பானை கவிழ்ந்து கிடப்பதும் பழக்கமான காட்சிதான். சிவப்பு எச்சரிக்கை விடப்படும் நாளில் எந்தப் பந்தலில் தண்ணீர் இருக்கிறது என்று பார்க்க ஓர் உறுப்பினரும் ஒரு ஸ்கூட்டரும் போதும்.

ஓராண்டில் முடியாத வேலைகளும் இருக்கின்றன. அவற்றுக்குத் தனி அறக்கட்டளை அமைப்பதே வழி என்பதைத் தமிழ்நாட்டுச் சங்கங்கள் சில கண்டுகொண்டிருக்கின்றன. ஈரோட்டில் ரோட்டரி சார்ந்த ஆத்மா அறக்கட்டளை நடத்தும் தகனமேடை இதற்கு உதாரணம். ஒரு சிதைக்குச் சாதாரணமாக 400 கிலோவோ அதற்கு மேலோ விறகு தேவைப்படுகிறது. எரிவாயுவும் மின்சாரமும் கரியமில வாயு விடாதவை அல்ல என்றாலும் அவ்வளவு மரம் மிச்சம். தலைவர்கள் மாறினாலும் அடுப்பு நிற்பதில்லை. நட்ட மரங்களுக்கும் இப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் எத்தனை நட்டோம் என்பதோடு எத்தனை பிழைத்தன என்றும் சொல்ல முடியும்.

இதுவரை சொன்னதெல்லாம் வெப்பத்தைத் தாங்குவதற்கு. வெப்பத்தைக் கூட்டும் புகையைக் குறைப்பது? இங்கேதான் சங்கங்கள் சங்கடப்படுகின்றன. ரோட்டரியின் ஆரம்பக் கொள்கைப்படி ஒவ்வொரு தொழிலிலிருந்தும் உறுப்பினர் சேர்க்கப்படுவார். ஆகவே ஒரு சாதாரண ஊர்ச் சங்கத்தின் மேஜையைச் சுற்றி மில் முதலாளி, ஓட்டல்காரர், பில்டர், நர்சிங் ஹோம் டாக்டர், லாரி அதிபர் என்று ஊரின் மின்சார, டீசல் செலவில் கணிசமான பங்கே உட்கார்ந்திருக்கிறது. இந்தியாவில் மின்சாரத்தின் சுமார் நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது; ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு. நன்கு வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்கு இழுத்துக்கொள்வதாகப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 20 கிலோ சொச்சம். பத்து டன் ஏ.சி. ஓடும் ஹாலில் வாரம் இரண்டு மணி நேரம் கூட்டம் நடத்தினால், மணிக்குப் பத்து யூனிட் வீதம் வருடத்துக்கு 700 கிலோ. கோட்டு, டை புழுக்கத்தைச் சமாளிக்கவே 35 மரங்கள் வேலை செய்ய வேண்டும்!

ஹாலை விடுங்கள், அது சில்லறை. ஓட்டலின் பாய்லரும் மில்லின் பழைய மோட்டார்களும்தான் மொத்த வியாபாரம். ஒரு உறுப்பினரின் ஆலையில் எரிசக்தித் தணிக்கை செய்து, எவ்வளவு மிச்சமானது என்று அவரே அடுத்த வாரக் கூட்டத்தில் எழுந்து சொன்னால், எதிரே உட்கார்ந்திருக்கும் போட்டியாளர் பேனாவை எடுப்பார். பில்டர் உறுப்பினர் மே மாதம் மதியம் 12 முதல் 4 வரை கட்டட வேலையை நிறுத்தி, அதிகாலையில் ஆரம்பித்தால் அவருக்குக் கொஞ்சம் சிரமம். சித்தாள் பெண்ணுக்கு உயிர். இவற்றுக்குப் பேனர் செலவுகூடக் கிடையாது.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய வீட்டுக் கூரை சூரியமின் திட்டத்தின் இலக்கு ஒரு கோடி வீடுகள். மானியம் 78,000 ரூபாய் வரை. விண்ணப்பம் முழுக்க ஆன்லைனில். ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் பெரியவருக்கு மானியத்தைவிட அந்தப் படிவமே பெரிய மலை. சங்கத்தில் மின் கான்ட்ராக்டர் இருக்கிறார், பேங்க் மேனேஜர் இருக்கிறார், ஆடிட்டர் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பெஞ்ச், ஒரு லேப்டாப். பெரியவர் கையில் மின் கட்டண ரசீதுடன் வரிசையில் நிற்பார்.