குச்சிப்பூச்சியின் மறைவேடம்

பழனி மலைத்தொடரின் செண்பகனூர் தந்த குச்சிப்பூச்சி இனமொன்று, 1901இல் அறிவியல் உலகிற்கு அறிமுகமாகி, இன்று பல நாட்டு ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படுகிறது. பகலில் அது முன்கால்களைத் தலைக்கு முன்னே நீட்டி அசைவற்றுக் கிடக்கும். அப்போது சுள்ளியா, பூச்சியா எனப் பறவையின் கூரிய கண்ணும் எளிதில் பிரித்தறிவதில்லை. தலையை நெருக்காதிருக்க அக்கால்களின் அடிப்பகுதி வளைந்தே அமைந்துள்ளது. தோலின் நிறமித் துகள்கள் இடம்பெயர்வதால், இரவில் உடல் கருமை பூணுகிறது.

முட்டையும் விதையை ஒத்ததே. குச்சிப்பூச்சிகள் சிலவற்றின் முட்டைகளை, நுனியிலுள்ள உண்ணத்தக்க குமிழுக்காக எறும்புகள் தம் புற்றுக்குச் சுமந்து செல்கின்றன. குமிழ் இரையாக, முட்டை மண்ணுக்குள் காப்புப் பெறுகிறது.

ஆயினும் இவ்வேடம் தனித்து நிற்பதன்று. சுள்ளி உள்ளவரையே சுள்ளிபோல் தோன்றுவதற்குப் பொருளுண்டு. சோலை அழிந்த வெட்டவெளியில், மறைத்துக் காத்த அதே உருவமே காட்டிக்கொடுத்துவிடும்.